தனிப் பிரிவு வேண்டாம் என்றவர்கள்

ஒரு சங்கத்தில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்பவர்கள் இப்போது குறைவு. பெரும்பாலும் கிடைக்கும் பதில் வேறு. ‘அதுக்கென்ன, உங்களுக்குன்னு தனியா ஒரு மகளிர் பிரிவு வெச்சுக்கலாமே’ என்பார்கள். கேட்க இதமாக இருக்கும். இடம் தருகிறார்கள், நாற்காலி தருகிறார்கள், ஆண்டு விழாவில் ஒரு நிகழ்ச்சியும் தருகிறார்கள். வேண்டாம் என்றால் நாம்தான் பிடிவாதக்காரி ஆகிவிடுவோம். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் ஒப்புவதில்லை. ஏன் என்று எடுத்துச் சொல்ல எனக்கு நெடுநாள் வார்த்தை கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் வாழ்ந்து, ஆண்கள் மட்டுமே இருந்த ஃப்ரீமேசன் சங்கத்துக்குள் நுழைந்த மரியா தெரேம் என்ற பெண்மணியைப் பற்றிப் படித்த பிறகுதான் அது எனக்கே பிடிபட்டது.

எங்கள் ஊரில் ஒரு பழைய வாசகசாலை உண்டு. முறைப்படி பதிவு செய்த சங்கம். செயற்குழு, பொதுக்குழு, ஆண்டுச் சந்தா, தணிக்கை என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் உறுப்பினராக விண்ணப்பம் கேட்டு அங்கே போனேன். செயலாளர் என்னைவிட மூத்தவர், அவருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, உறுப்பினர் பதிவேட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய நீளமான பேரேடு. பெயர், தகப்பனார் பெயர், தொழில், சந்தா, கையெழுத்து என்று கட்டங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன், பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ‘குடும்ப உறுப்பினர்’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் சிலருடைய மனைவிமார், சொந்தப் பெயர் இல்லாமல், ‘திருமதி’ என்று போட்டுக் கணவர் பெயரோடு இருந்தார்கள். அவர்களுக்கு எதிரே கையெழுத்துக் கட்டம் காலியாகக் கிடந்தது. ‘டீச்சர், விதியில தடை ஒண்ணும் கிடையாது, வழக்கம் இல்ல, அவ்வளவுதான். கமிட்டியில கேட்டுப் பார்த்தேன். மகளிர் பிரிவு ஒண்ணு ஆரம்பிக்கச் சொல்லுங்க, மாடி ரூமைத் தந்துடலாம், டீச்சரே தலைவரா இருக்கட்டும்னு சொல்றாங்க’ என்றார். ‘பிரிவுக்குப் பொதுக்குழுவில ஓட்டு உண்டா சார்?’ என்று கேட்டேன். ‘அது பிரிவுதானே டீச்சர்’ என்றார். அவர் குரலில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் அந்தப் பதில் என்னை விட்டுப் போகவே இல்லை.

அடிமைக்கும் ஒழுக்கக்கேடனுக்கும் நடுவே

ஃப்ரீமேசன்கள், சுருக்கமாக மேசன்கள், என்போர் சடங்கும் உறுதிமொழியும் வைத்து ஆட்களைச் சேர்க்கும் ஒரு பழைய சகோதரச் சங்கத்தார். அவர்களைப் பற்றி உலவும் ரகசியக் கதைகளில் எனக்கு அக்கறை இல்லை. எனக்கு அக்கறை அவர்களுடைய உறுப்பினர் விதியில்தான். லண்டனில் நான்கு லாட்ஜ்கள், அதாவது கிளைச் சங்கங்கள், ஒன்றுசேர்ந்து பெரிய லாட்ஜ் அமைத்ததை 1717 என்று கணக்கு வைக்கிறார்கள். 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் அதற்கு ஒரு சட்டநூல் தொகுத்து அச்சிட்டார். மதம் எதுவானாலும் நல்லவனாக, நேர்மையானவனாக இருந்தால் போதும் என்று அந்தக் காலத்துக்குப் பெருந்தன்மையான வாசகத்தோடு அதன் விதிகள் தொடங்குகின்றன. மூன்றாவது விதிக்கு வந்தால், யாரைச் சேர்க்கக்கூடாது என்ற பட்டியல் வருகிறது. அடிமைகள் கூடாது, பெண்கள் கூடாது, ஒழுக்கக்கேடான ஆண்கள் கூடாது. இந்த மூவரையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த விதிக்குப் போய்விடுகிறார் ஆண்டர்சன். அடிமைக்கு விடுதலை கிடைக்கலாம், ஒழுக்கங்கெட்டவன் திருந்தலாம். நடுவில் நிற்பவள் என்ன செய்தால் தகுதி பெறுவாள் என்பதற்கு அந்த வரியில் வழியே இல்லை.

மற்ற வேலிகள் எல்லாம் காலப்போக்கில் தளர்ந்தன. நம் பக்கத்திலேயே அதற்குச் சான்று உண்டு. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமராவை 1770களில் திருச்சிராப்பள்ளியில் லாட்ஜில் சேர்த்துக்கொண்டார்கள். வேறு மதம், வேறு நிறம், கடல் கடந்த நாடு என்று எல்லாவற்றையும் தாண்டி ஓர் இளவரசர் ‘சகோதரர்’ ஆக முடிந்தது. அதே காலத்தில் லண்டனில் ஒரு மேசனின் மனைவியோ மகளோ அந்த அறைக்குள் உறுப்பினராக நுழைய முடியாது.

பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் நாசூக்காக நடந்துகொண்டார்கள். 1774இல் அங்குள்ள பெரிய அமைப்பான கிராண்ட் ஓரியண்ட், பெண்களுக்கென்று ‘தத்து லாட்ஜ்’ வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஒவ்வொரு தத்து லாட்ஜும் ஓர் ஆண்கள் லாட்ஜின் மேற்பார்வையில் இருக்க வேண்டும், ஆண்கள் உடன் இல்லாமல் கூட்டம் கூடக் கூடாது. பெண்களுக்கென்று வேறு சடங்கு, வேறு படிநிலைகள். போர்போன் இளவரசி தலைமை வகித்தார், லம்பால் இளவரசியும் பின்னாளில் பேரரசி ஜோசஃபினும் அதில் பங்கெடுத்தார்கள். விருந்தும் இசையும் தான தருமமும் குறைவில்லாமல் நடந்தன. இதைப் படித்தபோது எங்கள் வாசகசாலையின் மாடி ரூம் நினைவுக்கு வராமல் இருக்குமா? இளவரசிக்கே கிடைத்தது அந்த மாடி ரூம்தான். ஆண்கள் லாட்ஜ் எடுக்கும் முடிவு எதிலும் அவருக்கு ஓட்டு இல்லை.

லெ பெக், 1882

மரியா தெரேம் 1828இல் பாரிசில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நன்றாகப் படிக்க வைத்தார்கள், திருமணம் செய்துகொள்ளவில்லை. இது அவருடைய சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய பிரான்சில் நெப்போலியன் காலத்து 1804 சட்டம் நடைமுறையில் இருந்தது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அதில் எழுதியே வைத்திருந்தார்கள். திருமணமான பெண் தன் சம்பளத்தைத் தானே வைத்துச் செலவழிக்கும் உரிமையே 1907இல்தான் வந்தது. மரியா கையில் சொந்தச் சொத்தும், கையெழுத்துப் போடும் உரிமையும், யாரையும் கேட்காமல் ஆட்களை அழைத்து உட்காரவைக்க ஒரு வீடும் இருந்தன. இந்த மூன்றும் இல்லாமல் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

1866இல் லியோன் ரிஷே போன்ற முற்போக்கு மேசன்கள், கிராண்ட் ஓரியண்ட் மண்டபத்தில் நடந்த சொற்பொழிவு வரிசையில் பேச அவரை அழைத்தார்கள். முதலில் தயங்கினார். அந்த நேரத்தில் பார்பே தோரேவில்லி என்ற எழுத்தாளர், எழுதும் பெண்களை ஏளனம் செய்து ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்ததும் மரியா மேடையேறச் சம்மதித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ரிஷேயுடன் சேர்ந்து 1870இல் பெண்ணுரிமைச் சங்கம், 1878இல் பாரிசில் சர்வதேசப் பெண்ணுரிமை மாநாடு, 1881இல் மதகுருமார் ஆதிக்கத்தை எதிர்த்த மாநாட்டில் முன்வரிசை என்று போய்க்கொண்டே இருந்தார். குடியரசுக்காரர்களிடம் அவருக்கு இருந்த கோபம் நியாயமானது. ‘பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தால் பாதிரி சொன்ன பக்கம் போட்டுவிடுவார்கள்’ என்று பயந்தவர்கள் அவர்கள். மன்றத்திலும் சங்கத்திலும் பெண்ணுக்கு இடம் கொடுக்காமல் கோயிலை மட்டும் விட்டுவைத்தால், அவள் வேறு எங்கேதான் போவாள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பாரிசுக்கு மேற்கே லெ பெக் என்ற சிற்றூரில் ‘சுதந்திரச் சிந்தனையாளர்கள்’ என்று ஒரு லாட்ஜ் இருந்தது. 1880இல் பழைய தலைமையோடு முறித்துக்கொண்டு வந்த ஸ்காட்டிஷ் சிம்பாலிக் கிராண்ட் லாட்ஜ் என்ற புதிய அமைப்பில் அது சேர்ந்திருந்தது. ‘சுதந்திர லாட்ஜில் சுதந்திர மேசன்’ என்பது அந்தப் புதிய அமைப்பின் முழக்கம். லெ பெக்காரர்கள் அந்த முழக்கத்தை நம்பினார்கள். தாய் அமைப்பு அனுமதிக்காது என்று தெரிந்ததும், 1882 ஜனவரியில் தங்களைத் தன்னாட்சி லாட்ஜ் என்று அறிவித்துவிட்டு, ஜனவரி 14 அன்று மரியா தெரேமை ஆண்களுக்கு நடத்தும் அதே சடங்கோடு, அதே உறுதிமொழியோடு சேர்த்துக்கொண்டார்கள். ஜார்ஜ் மார்ட்டின் என்ற மருத்துவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பாரிஸ் நகராட்சி உறுப்பினர், பின்னால் செனட்டர். இந்தக் கதையின் மறுபாதி அவர்தான்.

அதற்கப்புறம் நடந்தது கசப்பானது. லெ பெக் லாட்ஜ் இடைநீக்கம் செய்யப்பட்டது. கொஞ்ச காலத்தில் லாட்ஜ் தாய் அமைப்புக்கே திரும்பிவிட்டது, மரியா இல்லாமல். அவரை யாரும் திட்டவில்லை. பாராட்டு விருந்து நடந்திருந்தது, பத்திரிகைகள் எழுதியிருந்தன. ஆனால் உள்ளே போய் உட்கார அவருக்கு ஒரு லாட்ஜ் இல்லை. சடங்கு செய்து மேசன் ஆக்கப்பட்ட ஒரு பெண், கூட்டத்துக்குப் போக முடியாத மேசனாகப் பதினோரு ஆண்டுகள் இருந்தார்.

இந்தப் பதினோரு ஆண்டுகளைப் பெரும்பாலான வரலாற்றுக் குறிப்புகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர்களில் ‘முதல் பெண்’ என்ற பட்டத்தின்மேல் எல்லோருக்கும் ஆசை. முதல் பெண் தலைவர், முதல் பெண் செயலாளர் என்று பொன்னாடை போர்த்துகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். அதற்குப் பிறகு இரண்டாவது பெண் எப்போது வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஒருத்தியை மட்டும் சேர்த்துக்கொள்வது ஒரு சங்கத்துக்கு ரொம்ப வசதி. அவள் அபூர்வமானவள், அவளுக்காக ஒரு விதிவிலக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். விதி விதியாகவே இருக்கும். மரியாவுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அவருடைய பேச்சாற்றலுக்கும் எழுத்துக்கும் அந்தஸ்துக்கும் மரியாதை செய்தார்கள். எழுதாத, மேடையேறாத, சொத்தில்லாத ஒரு தையல்காரிக்கு அந்த மரியாதையில் எந்தப் பங்கும் இல்லை.

கார்தினே தெரு 72

இந்த ஆண்டுகளில் ஜார்ஜ் மார்ட்டின் சும்மா இருக்கவில்லை. பெண்களைச் சேர்க்கச் சொல்லி லாட்ஜ் லாட்ஜாகப் பேசினார், தீர்மானம் கொண்டுவந்தார், துண்டுப் பிரசுரம் போட்டார். ஒன்றும் அசையவில்லை. கொள்கை சரிதான், காலம் கனியவில்லை என்ற பதில் எல்லாக் காலத்திலும் எல்லாச் சங்கத்திலும் தயாராக இருக்கும். கடைசியில் இருவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமான இடம் இதுதான். 1893 மார்ச் 14 அன்று, பாரிசில் கார்தினே தெரு 72ஆம் எண்ணில் இருந்த தன் வீட்டில், மரியா தெரேம் பதினைந்துக்கு மேற்பட்ட பெண்களை வரவழைத்து, ஜார்ஜ் மார்ட்டின் உடனிருக்க, அவர்களை மேசன்களாக ஏற்றார். மூன்றே வாரத்தில் அந்தப் பெண்கள் மேசன்களின் மூன்று அடிப்படைப் படிகளையும் கடந்தார்கள். ஏப்ரல் 4 அன்று புதிய லாட்ஜ் முறைப்படி அமைந்தது. ‘லெ த்ருவா யுமேன்’ என்று பெயர் வைத்தார்கள், மானுட உரிமை.

வந்திருந்தவர்கள் யார் யார் என்று பார்க்க வேண்டும். டார்வினை முதன்முதலில் பிரெஞ்சில் மொழிபெயர்த்த கிளெமான்ஸ் ருவாயே. ஏழைத் தாய்மார்களுக்காகவும் கைக்குழந்தைகளுக்காகவும் உழைத்த மரி பெக்கே த வியென். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வந்த எலிஸ்கா வேன்சான். மரியாவின் அக்கா அன்னா ஃபெரெஸ், ஜார்ஜ் மார்ட்டினின் மனைவி மரி. அறிவியல், சமூக சேவை, அரசியல், குடும்பம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள். பதினோரு ஆண்டுகள் தனியாக நின்றவர், இந்த முறை தனியாக நிற்கவில்லை. கூட்டத்தோடு வந்தார்.

இத்தனை பெண்களைத் திரட்டியவர், பெண்களுக்கு மட்டுமான ஒரு லாட்ஜை அமைத்திருக்கலாம். அது எளிதாகவும் இருந்திருக்கும். தத்து லாட்ஜ் என்ற பழைய முன்மாதிரி இருந்தது, ஆண் மேசன்கள் புன்னகையோடு ஆசி வழங்கியிருப்பார்கள். கலப்பு லாட்ஜ் என்றதால்தான் எல்லா அமைப்புகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. மேசன் வழக்கில் அங்கீகாரம் பெரிய விஷயம். அங்கீகாரம் இல்லாத லாட்ஜுக்கு மற்ற லாட்ஜ்காரர்கள் போகக்கூடாது, அதன் உறுப்பினர்களை உள்ளே விடவும் கூடாது. அதற்குத் துணிந்துதான் கலப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே சடங்கு, ஒரே படிகள், ஒரே ஓட்டு. தலைமை நாற்காலியில் ஆணும் உட்காரலாம், பெண்ணும் உட்காரலாம். வாசகசாலையில் என் மனம் ஒப்பாமல் போனதற்குக் காரணம் இங்கேதான் எனக்கு விளங்கியது. நமக்கென்று ஒரு அறையில் நாம் தலைமை வகிக்கும்போது நம் முடிவுகள் நம்மை மட்டும்தான் கட்டுப்படுத்தும். ஆண்களும் இருக்கும் சபையில் ஒரு பெண் தலைமை வகித்து, அவள் தட்டும் சுத்தியலுக்கு எல்லோரும் அமைதியாகி, அவள் கையெழுத்திட்ட தீர்மானத்துக்கு ஆண்களும் கட்டுப்படும்போதுதான் சங்கத்தின் பழக்கம் மாறும். பெண் தலைமையின் கீழ் உட்கார்ந்து பழகுவது ஆண்களுக்கும் தேவையான பயிற்சி. தனிப் பிரிவில் அந்தப் பயிற்சி யாருக்கும் கிடைப்பதில்லை.

மரியாவுக்கு இதைக் கண்ணால் பார்க்க நாள் இருக்கவில்லை. 1894 பிப்ரவரி 6 அன்று, லாட்ஜ் அமைந்து ஓராண்டு நிறைவதற்குள், இறந்துபோனார். ‘முடிக்காத கோயிலை உங்களிடம் விட்டுப் போகிறேன்’ என்ற பொருளில் கடைசியாகச் சொன்னதாக அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அவருக்குப் பின் அக்கா அன்னா பொறுப்பேற்றார். நிர்வாகச் சுமையைத் தூக்கியவர்கள் ஜார்ஜும் மரி மார்ட்டினும். மூன்று படிகளோடு நிற்காமல், 1899 மே மாதம் 33 படிகள் கொண்ட முழு ஸ்காட்டிஷ் முறைக்கான உயர்சபையை அமைத்தார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது அணிகலன் ஆசையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழ்ப்படிகளில் சமத்துவம், மேல்படிகளில் ஆண்கள் மட்டும் என்று ஆகிவிடாமல் இருக்க, கடைசிப் படிவரை தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்த பெண்ணுக்கு இது சொல்லாமலே புரியும்.

பாரிசின் 13ஆம் வட்டாரத்தில் ழூல் பிரெத்தோன் தெருவில் இவர்களுடைய தலைமையகம் இன்றும் இருக்கிறது. முதல் உலகப்போருக்குச் சற்று முன்னால் கட்டியது. எகிப்தியக் கோயில் சாயலில் தூண்கள் வைத்த முகப்பு. அதன்மேல் தெருவில் போகிற யாரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். மனித குலத்தில் ஆணுக்குள்ள அதே கடமைகள் பெண்ணுக்கும் உண்டு, ஆகவே குடும்பத்திலும் சமூகத்திலும் அவளுக்கு அதே உரிமைகள் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ரகசியச் சங்கம் என்று பெயரெடுத்த ஓர் அமைப்பு தன் முக்கியமான கொள்கையைத் தெருச் சுவரில் எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மரியாவுக்கு எபினேத் சதுக்கத்தில் 1898இல் வைத்த வெண்கலச் சிலைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் அதை எடுத்து உருக்கிவிட்டார்கள். மேசன் சங்கங்கள் எல்லாவற்றையும், ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசு 1940இல் தடை செய்திருந்தது. புதிய சிலை 1983இல்தான் வந்தது.

அடையாறு வரை

1893 இன்னொரு காரணத்துக்காகவும் என் மனதில் நிற்கிறது. பாரிசில் அந்த லாட்ஜ் தொடங்கிய அதே ஆண்டு நவம்பரில் அன்னி பெசன்ட் தூத்துக்குடியில் வந்திறங்கினார். பெசன்ட் அம்மையாரை நாம் ஹோம் ரூல் இயக்கத்தோடும் 1917 காங்கிரஸ் தலைமையோடும் நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன்னால் கருத்தடை பற்றிய பிரசுரம் வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்து, அதையே காரணம் காட்டி நீதிமன்றம் 1878இல் மகளை அவரிடமிருந்து பிரித்த கதை உண்டு. 1888இல் லண்டன் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குப் பக்கபலமாக நின்ற கதையும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு, ஆணும் பெண்ணும் சமமாக உட்காரும் மேசன் லாட்ஜ் ஒன்று பாரிசில் இருக்கிறது என்று அங்கே ஏற்கெனவே சேர்ந்திருந்த பிரம்மஞான சபைத் தோழி பிரான்செஸ்கா அருண்டேல் மூலம் தெரியவந்தபோது, சும்மா இருக்க முடியுமா? 1902 ஜூலை 27 அன்று பாரிசில் சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் ஒரு லாட்ஜ் தொடங்கினார். காசியில் ‘தர்மா’ என்ற பெயரில் லாட்ஜ் வந்தது, 1907இல் சபைத் தலைவராகி அவர் அடையாறில் நிலைகொண்ட பிறகு அந்த வளாகத்திலும் லாட்ஜ் கூடியது.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. அது தீர்ந்த விதம் எனக்கு ரொம்ப மதிப்பாகப் படுகிறது. பாரிஸ்காரர்கள் நாத்திகர்கள், அல்லது கடவுளைச் சங்க விவகாரத்தில் இழுக்காதவர்கள். பெசன்ட் அம்மையாரோ ஆன்மிகத்தில் ஊறியவர். லாட்ஜில் வேதநூல் வேண்டும், உலகைப் படைத்த பெருந்தச்சனின் பெயரால் கூட்டம் தொடங்க வேண்டும் என்று கேட்டார். இது அமைப்பை உடைத்திருக்க வேண்டிய கேள்வி. உடைக்கவில்லை. அந்தந்த லாட்ஜ் தன் மரபுப்படி நடத்திக்கொள்ளட்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவானது. கடவுளைப் பற்றிக்கூட இரண்டு கருத்து இருக்கலாம், இதில் இருக்க முடியாது என்று முடிவெடுத்த ஒரு சங்கம் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறது.

1917 மே மாதம் அதே அடையாறில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலியோர் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியபோது பெசன்ட் அதன் முதல் தலைவரானார். லாட்ஜுக்கும் மாதர் சங்கத்துக்கும் நேர்க்கோடு போட நான் முயலவில்லை. ஆனால் ஓட்டுரிமை கேட்ட அந்தப் பெண்களுக்கு 1921இலேயே சென்னை மாகாணச் சட்டசபை இசைந்தது. சொத்து நிபந்தனையோடுதான், ஆனாலும் பெண் என்ற தடை போய்விட்டது. மரியா தெரேம் பிறந்த பிரான்சில் பெண்கள் ஓட்டுரிமை பெற 1944 ஆனது.

தனியே போனவர்கள்

என் கருத்துக்கு எதிராகவும் ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1908இல் இங்கிலாந்தில் இந்தக் கலப்பு அமைப்பிலிருந்து ஒரு பகுதியினர் பெசன்டின் பிரம்மஞானப் போக்கு பிடிக்காமல் பிரிந்து போனார்கள். தொடக்கத்தில் அவர்களிடம் ஆண்களும் இருந்தார்கள். பிறகு புதிதாக ஆண்களைச் சேர்ப்பதை நிறுத்தி, பெண்கள் மட்டுமான அமைப்பாக மாறி, இன்றுவரை நன்றாகவே நடக்கிறார்கள். பிரான்சிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தத்து லாட்ஜ்கள் மறுபடி முளைத்தன. 1945இல் ஆண்கள் அமைப்பு அவற்றைக் கழற்றிவிட்டது. கழற்றிவிடப்பட்ட பெண்கள் கலைந்து போகவில்லை. சேர்ந்து நின்று சொந்த அமைப்பை வளர்த்தார்கள், பழைய தத்துச் சடங்கைக் கைவிட்டு முழுச் சடங்கையும் எடுத்துக்கொண்டார்கள். பிரான்சின் பெண்கள் கிராண்ட் லாட்ஜ் இன்று பெரிய அமைப்பு.

ஆண்கள் குரல் ஓங்கும் சபையில் பேசத் தயங்கும் பெண், பெண்கள் மட்டும் இருக்கும் சபையில் தலைநிமிர்ந்து பேசுவதை நானே ஆசிரியர் சங்கத்தில் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் விதியைத் தாங்களே எழுதி, தங்கள் கட்டடத்துக்குத் தாங்களே வாடகை கொடுக்கிறார்கள். இன்னொரு சங்கத்தின் மேற்பார்வையில் இல்லை. ஆண்கள் தங்கள் சட்டநூலைத் திருத்தாமல் தப்பித்துக்கொள்ள உண்டாக்கிக் கொடுக்கும் பிரிவை அதோடு சேர்த்துப் பேச எனக்குச் சம்மதமில்லை. பெண்களுக்கு மட்டுமான சங்கம் வேண்டும் என்று பெண்கள் தீர்மானித்தால் நானும் போய்ச் சேருவேன். பொதுச் சங்கத்தில் என் கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கும்வரை அது எனக்குப் போதாது.

1882இல் மரியாவைப் புறந்தள்ளிய பெரிய சங்கங்கள் என்ன ஆயின என்றும் பார்த்தேன். இங்கிலாந்தின் தலைமை லாட்ஜ் 1999இல், பெண்கள் நடத்தும் லாட்ஜ்கள் பெண்களைச் சேர்ப்பது ஒன்றைத் தவிர மற்றபடி முறையாக நடக்கின்றன என்று அறிக்கை விட்டது. அதன் லாட்ஜ்களில் இன்றும் பெண்களைச் சேர்ப்பதில்லை. கிராண்ட் ஓரியண்டில் கதை வேறு திசையில் போனது. 2008இல் அதன் லாட்ஜ்கள் சில, லெ பெக்காரர்களைப் போலவே, துணிந்து பெண்களைச் சேர்த்தன, அவர்களைப் போலவே தண்டனையும் பெற்றன. இதற்கிடையில், ஆணாகச் சேர்ந்து பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ஒலிவியா ஷோமோன் என்ற கட்டடக் கலைஞர் திருநங்கையாக மாறியிருந்தார். அவரைப் பெண்ணாகவே அங்கீகரித்து உறுப்பினராகத் தொடரவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. 2010இல் அங்கீகரித்தார்கள். கிராண்ட் ஓரியண்ட் முறைப்படி அங்கீகரித்த முதல் பெண் உறுப்பினர் அவர்தான். அமைப்பின் உள் நீதிமன்றமும் சட்டநூலை எடுத்துப் பார்த்துவிட்டு, பெண்களைச் சேர்க்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை என்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் பொதுச்சபை வாக்கெடுத்து, விரும்பும் லாட்ஜ்கள் பெண்களைச் சேர்க்கலாம், விரும்பாதவற்றுக்குக் கட்டாயமில்லை என்று தீர்மானித்தது. லெ பெக் லாட்ஜ் 1882இல் தனக்கென்று எடுத்துக்கொண்டதும் இந்தச் சுதந்திரத்தைத்தான்.